ரேடார் வந்தாச்சு... படம் பார்த்துச் சொல்ல ஆள் தயாரா?

"மழை வரும்னாங்க, வெயில் காயுது!" பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு வானிலை ஆபீசைக் கிண்டல் செய்வது சென்னையில் பழைய பழக்கம். ஆனால் 30-12-2021 அன்று நடந்தது சிரிக்கிற சங்கதி அல்ல.

அன்று வியாழக்கிழமை. மதியம் பிடித்த மழை இரவு வரை விடவில்லை. எம்.ஆர்.சி. நகரில் 20 சென்டி மீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. சுரங்கப்பாதைகள் மூடப்பட்டன. ஆபீஸ் விட்டுக் கிளம்பியவர்கள் நடு ரோட்டில் மணிக்கணக்கில் தவித்தார்கள். மின்சாரம் தாக்கி 3 பேர் பலியானார்கள்.

இவ்வளவு கொட்டும் என்று முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. சிவப்பு எச்சரிக்கை வந்தபோது தெருவெல்லாம் வெள்ளம்! வானிலை மையத்தின் கருவிகளைப் பலப்படுத்தக் கோரி, மத்திய மந்திரி அமித்ஷாவுக்கு முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் கடிதம் எழுதினார்.

கருவி போதுமா?

துறைமுகத்தில் டாப்ளர் ரேடார் 2002-ம் ஆண்டே வந்துவிட்டது. மீனம்பாக்கத்தில் தினமும் இரண்டு வேளை பலூன் பறக்கிறது. 2024 செப்டம்பரில் "மிஷன் மவுசம்" திட்டத்துக்கு மத்திய அரசு ரூ.2 ஆயிரம் கோடி அனுமதித்தது. நாட்டை 12 கிலோ மீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போட்ட கம்ப்யூட்டர், 2025 மே மாதம் முதல் 6 கிலோ மீட்டர் கட்டமாகப் போடுகிறது.

அப்படியும் மயிலாப்பூரும் தி.நகரும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடலாம். அங்கே கொட்டும், இங்கே தூறும்!

புயல் என்றால் நாலு நாள் முன்பே செயற்கைக்கோள் படத்தில் தெரியும். இடி மேகம் அப்படி இல்லை. இரண்டு, மூன்று மணி நேரத்தில் திரண்டு கொட்டிவிட்டுப் போய்விடும். அது கரை ஏறுமா, கடலிலேயே கரையுமா என்பதை ரேடார் படத்தைப் பார்த்து டூட்டியில் இருப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தக் கண் விலைக்குக் கிடைக்காது.

வானிலை ஊழியர்களுக்குப் புனேயில் பயிற்சிக் கூடம் இருக்கிறது. ஆனால் நாட்டின் பெரும் பகுதிக்கு மழைக்காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. தமிழ்நாட்டுக்கோ ஏறக்குறைய பாதி மழை அக்டோபருக்குப் பிறகுதான். வடக்கே இருந்து மாற்றலாகி வருகிறவர் இரண்டு, மூன்று கார்த்திகையாவது ராத்திரி டூட்டி பார்த்தால்தான் நம்ம ஊர் மேகம் பிடிபடும். அதற்குள் மறுபடி மாற்றல் வந்தால்?

"ஓரிரு இடங்களில்"

இன்னொரு சிக்கல் பேச்சு. "ஓரிரு இடங்களில் மழை" என்றால் சும்மா மழுப்பல் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். அதற்குக் கணக்கு உண்டு. அந்தப் பகுதியில் மழை அளக்கும் நிலையங்களில் நூற்றுக்கு 25-க்குள் மழை பெய்யும் என்று அர்த்தம். 26 முதல் 50 வரை "சில இடங்களில்". அதேபோல 6.5 சென்டி மீட்டரைத் தொட்டால் கனமழை. 20.4-ஐத் தாண்டினால் அதி கனமழை.

ரங்கநாதன் தெரு கடைக்காரருக்கு இதெல்லாம் யார் சொன்னார்கள்? அவர் கேட்பது ஒன்றுதான்: "ஷட்டரை இறக்கணுமா, வேண்டாமா?"

மஞ்சள் என்றால் கவனி, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் உடனே காரியத்தில் இறங்கு என்று நிறம் பிரித்திருக்கிறார்கள். அடுத்த 3 மணி நேரத்துக்கான அறிவிப்பும் வருகிறது. 2021 மாதிரி மேகத்துக்கு அந்த அறிவிப்புதான் கைகொடுக்கும். அதை நேரத்தோடு, கடைக்காரருக்குப் புரிகிற தமிழில் சொல்லவும் பயிற்சி வேண்டும்.