பிழைத்த மீனின் தோல்

கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் அஞ்சும் காட்சி ஒன்று உண்டு. காலையில் விளக்கைப் போட்டால், நேற்றுவரை சுறுசுறுப்பாகத் திரிந்த சர்ஜன் மீனின் துடுப்பெல்லாம் உப்பைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணியின் வேலை அது. ஒவ்வொரு புள்ளியும் மேல்தோலுக்கு அடியில் புகுந்து, சுழன்றபடி திசுவைத் தின்னும் ஓர் உயிர். சில நாளில் புள்ளிகள் காணாமல் போகும். மருந்தில்லாமலே குணமாகிவிட்டது என்று வளர்ப்பவர் மகிழ்வார். வயிறு நிறைந்த ஒட்டுண்ணி கீழே இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

மூன்று முதல் ஏழு நாள் மீனில் தங்கிய பிறகு, இருட்டு நேரம் பார்த்து அது தோலைவிட்டுக் கழல்கிறது. மணலிலோ கல்லிலோ ஒட்டிக் கூடு கட்டிக்கொள்கிறது. கூட்டுக்குள் பிரிந்து பிரிந்து 200 குஞ்சுகள் வரை உருவாகலாம். சில கூடுகள் மூன்றே நாளில் திறந்துவிடும். 72 நாள் வரை காத்திருந்தவையும் பதிவாகியிருக்கின்றன. வெளிவரும் குஞ்சுக்கு ஆயுள் ஓரிரு நாள்; மீனைத் துளைக்கும் வலுவோ முதல் சில மணி நேரத்துக்குத்தான். அதற்குள் ஒரு மீன் அகப்பட வேண்டும். அதனால்தானோ என்னவோ, இவையும் பெரும்பாலும் இருட்டிலேயே வெளிவருகின்றன. பாறை இடுக்கில் மீன்கள் அசையாமல் உறங்கும் நேரம் அது.

விரிந்த கடலில் இந்தச் சூதாட்டத்தில் பெரும்பாலான குஞ்சுகள் தோற்றுப்போகும். 1990களில் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குக் குயின்ஸ்லாந்துக் கரையோர மீன்களை டிக்கிள்ஸ், லெஸ்டர் என்ற ஆய்வாளர்கள் சோதித்தார்கள். ஒட்டுண்ணி பரவலாக இருந்தது. ஆனால் ஒரு மீனில் இருந்தவை சொற்பம். அதே குஞ்சுகள் 200 லிட்டர் கண்ணாடிப் பெட்டிக்குள் பிறந்தால் எந்த மீனும் தப்ப இடமில்லை. அடுத்த சுற்று, அதற்கடுத்த சுற்று என்று பெருகி, செவுளை அடைத்து மீனைக் கொன்றுவிடும்.

எல்லா மீனும் சாவதில்லை என்பதுதான் ஆச்சரியம். பிழைத்தவை அதே தண்ணீரில், அதே ஒட்டுண்ணிக்கு நடுவே, புள்ளியில்லாமல் வாழ்கின்றன. செங்கடல் கரையிலுள்ள எய்லாட்டில் ஏஞ்சலோ கோலோர்னி 1980களிலேயே வளர்ப்பு மீன்களிடம் இதைக் கவனித்தார். இங்கிலாந்தில் பர்ஜஸும் மேத்யூஸும் மடவை மீன்களுக்கு வேண்டுமென்றே நோயை வரவழைத்து, தேறியவற்றை மறுபடி ஒட்டுண்ணிக்கு ஆளாக்கிப் பார்த்தார்கள். 1995இல் வெளியான அந்த ஆய்வில் பெரும்பாலான மீன்கள் தாக்குப்பிடித்தன. ஆறு மாதம் கழித்தும் பாதுகாப்பு தெரிந்தது. இரண்டு ஆண்டுக்குப் பின் ஜப்பானில் நடந்த சோதனை இன்னும் சுவையானது. தேறிய மீனின் குருதிநீரில் ஒட்டுண்ணிக் குஞ்சுகளை விட்டால், நீந்திக்கொண்டிருந்தவை அப்படியே செயலற்று நின்றுவிட்டன.

காரணம் எதிர்ப்புப் புரதங்கள். குஞ்சின் உடலெங்கும் நீந்துவதற்கான நுண்மயிர்கள் உண்டு. அவற்றின் மேலுள்ள புரதத்தை இவை பற்றிக்கொள்கின்றன. நன்னீர் மீன்களுக்கும் இதேபோல் ஒரு வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணி உண்டு. பார்க்க இரட்டையர், மரபணுவில் தூரத்து உறவு. தனித்தனியே ஒரே பிழைப்புக்கு வந்து சேர்ந்தவை. அந்த நன்னீர் ஒட்டுண்ணியை வைத்து அமெரிக்காவில் கிளார்க், டிக்கர்சன் குழுவினர் செய்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. எதிர்ப்புள்ள கெளுத்தியின் தோலுக்குள் புகுந்த ஒட்டுண்ணி அங்கே சாவதில்லை. சற்று நேரத்தில் தானே கிளம்பி வெளியேறிவிடுகிறது.

நம் தோலின் மேற்பரப்பு இறந்த செல்களால் ஆனது. மீனுக்கோ வெளி விளிம்புவரை உயிருள்ள செல்கள், அதன்மேல் வழும்பு. அந்த வழும்புக்குள்ளேயே எதிர்ப்புப் புரதங்கள் சுரக்கின்றன என்பது டிரவுட் மீன்களில் தெளிவாகத் தெரியவந்தது. 2001இல் சில்பதுவாங், நோகா இருவரும் பாஸ் மீனின் மாஸ்ட் செல்களில் பிசிடின் என்ற குறும்புரதத்தைக் கண்டார்கள். நோயைச் சந்திக்கும் முன்பே கையிருப்பில் உள்ள ஆயுதம் இது; பின்னாளைய சோதனையில் கிரிப்டோகேரியானையும் கொன்றது. நம் கரைகளில் ஓரா என்று விற்கும் மீன்களின் உறவினம் ஒன்றைச் சீன ஆய்வாளர்கள் பார்த்தபோது, அதன் குருதிநீரிலிருந்த ஒரு நொதியே ஒட்டுண்ணியைக் கொன்றது. முள் குத்தினால் கடுக்கும் என்பதற்காகவே நாம் நினைவில் வைத்திருக்கும் மீனுக்கு இப்படியும் ஒரு திறமை.

அப்படியானால் தொட்டி மீனுக்கு இந்த எதிர்ப்பை வளர்த்துவிடலாமா? ஓரளவு முடியும். பிடித்து, பையில் கட்டி, பட்டினியாக விமானத்தில் வந்த மீனின் உடலில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறியிருக்கும். அது நோயெதிர்ப்பைத் தாழ்த்தும். அமைதியான தண்ணீர், ஒளிய இடம், சண்டைக்காரத் துணையில்லாத தொட்டி, பலவகைப் புதிய உணவு ஆகியவை அதைச் சீராக்கும். பூண்டுச் சாறு விற்கிறார்கள். மீன் ஆசையாகத் தின்றால் சரி. அதற்குமேல் நம்ப எனக்குத் துணிவில்லை.

எதிர்ப்பை நம்புகிறவர்கள் தாமிர மருந்தைக் குறை சொல்வார்கள். லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் தாமிர அயனி நீந்தும் குஞ்சைக் கொல்லும்; தோலுக்கடியில் இருப்பதையும் கூட்டையும் தொடாது. நோயையே பார்க்காமல் வளரும் மீனுக்கு அனுபவமும் இருக்காது. இது உண்மைதான். ஆனால் எதிர்ப்பு உருவாக நாளாகும், ஒட்டுண்ணி பெருகுவதோ வேகமாக. களைத்த புது மீனை நேரே நோயுள்ள தொட்டியில் விட்டுவிட்டு இயற்கை பார்த்துக்கொள்ளும் என்பது என் கணக்கில் அலட்சியம். தனித்தொட்டியில் வைத்து, தின்னப் பழக்கி, உடம்பு தேறவிடுவதில் எந்தத் தரப்பின் கொள்கையும் கெட்டுவிடாது.

தேறிய மீனும் முழுச் சுத்தமில்லை. செவுளில் ஓரிரண்டு ஒட்டுண்ணியைக் கண்ணுக்குத் தெரியாமல் சுமந்துகொண்டே அது நலமாக இருக்கலாம். பழைய மீன்கள் ஜோராக இருக்க, புதிதாக வந்தது மட்டும் ஒரு வாரத்தில் புள்ளி போடுவது இப்படித்தான். எதுவும் புதிதாகச் சேர்க்காத தொட்டிகளில் நோய் அடங்கிக் கிடப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கக்கூடும். ஒரே ஒட்டுண்ணி வம்சத்தை மடவைகள்மேல் தொடர்ந்து வளர்த்த பர்ஜஸும் மேத்யூஸும், ஏறக்குறைய 34 சுற்றுகளுக்குள், அதாவது ஓர் ஆண்டுக்கும் குறைவான காலத்தில், அது வலுவிழந்து அற்றுப்போனதை 1994இல் எழுதினார்கள். கடையிலிருந்து வரும் அடுத்த மீனோடு புது வம்சம் ஒன்று வந்து இறங்கினால், முதல் சுற்றிலிருந்து கணக்கு தொடங்கும்.