எல்.கே.ஜி.யிலிருந்து பிளஸ் டூ வரை: எச்.ஐ.வி. தடுப்பூசிக்கு ஒரு புரதத்தை டிசைன் பண்றது எப்படி?

இன்னைக்கு எபிசோட் ஒரு நேரடியான கேள்வியைப் பற்றியது. கொரோனாவுக்கு ஒரே வருஷத்தில் தடுப்பூசி வந்துச்சு. எச்.ஐ.வி.க்கு நாற்பது வருஷமாகியும் ஏன் வரலை?

1984 ஏப்ரலில் அமெரிக்க சுகாதாரச் செயலர் மார்கரெட் ஹெக்லர், சுமார் இரண்டு வருஷத்தில் ஒரு தடுப்பூசி பரிசோதனைக்குத் தயாராகும்னு நம்பிக்கை தெரிவித்தார். அதுக்கப்புறம் யாரும் சும்மா இருக்கலை. தாய்லாந்தில் 16,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட சோதனை, 2009ல் 31 சதவீதப் பாதுகாப்பைக் காட்டியது. அது போதாது. அதையே மேம்படுத்தி தென்னாப்பிரிக்காவில் நடத்திய சோதனை பலனில்லாமல் 2020ல் நின்றது. மொசைக்கோ என்ற இன்னொரு பெரிய சோதனை 2023ல் நின்றது. 2023ல் மட்டும் உலகத்தில் சுமார் 13 லட்சம் பேருக்குப் புதிதாக எச்.ஐ.வி. தொற்றியது. அதனால இது வெறும் லேப் புதிர் இல்லை.

வைரஸ் எப்படி ஒளியுது?

எச்.ஐ.வி.யின் மேல்தோலில் ஸ்பைக் புரதம் இருக்கு. மனித செல்லைத் திறக்கிற சாவி அதுதான். நம்ம ஆன்டிபாடி அதைப் பிடிச்சுட்டா வைரஸ் உள்ளே போக முடியாது. ஆனா பிடிக்கிறதுதான் கஷ்டம். மூணு காரணம் சொல்றேன்.

முதல் காரணம், உருமாற்றம். உலகத்தில் சுற்றும் எச்.ஐ.வி. ரகங்கள் ஒன்றுக்கொன்று அவ்வளவு வித்தியாசமானவை. ஒரு ரகத்துக்கு உருவான ஆன்டிபாடி இன்னொன்றைக் கண்டுக்காது.

இரண்டாவது, சர்க்கரைப் போர்வை. ஸ்பைக்கின் வெளிப்பகுதி எடையில் பாதிக்குப் பக்கம் சர்க்கரை மூலக்கூறுகள். அவை நம்ம செல்களே ஒட்டிவிட்ட சர்க்கரை என்பதால் 'இது நம்மாளு'ன்னு நோய் எதிர்ப்பு மண்டலம் விட்டுடும்.

மூன்றாவது, எண்ணிக்கை. ஃப்ளூ வைரஸ் மேல் நூற்றுக்கணக்கில் ஸ்பைக் இருக்கும். எச்.ஐ.வி. மேல் சராசரியா 14தான். ஆன்டிபாடிக்கு இரண்டு கை உண்டு. ஸ்பைக்குகள் தள்ளித் தள்ளி இருக்கிறதால, பெரும்பாலும் ஒரு கையால்தான் பிடிக்க முடியும்.

கலைந்து போகும் ஸ்பைக்

சரி, அந்த ஸ்பைக்கையே லேபில் செய்து ஊசியா போட்டா என்ன? பிரச்சினை, அது மூன்று துண்டுகள் சேர்ந்த தளர்வான அமைப்பு. வைரஸிலிருந்து தனியா எடுத்தா கலைஞ்சுடும். கலைந்ததைக் காட்டினா, உடம்பு கலைந்த வடிவத்துக்குத்தான் ஆன்டிபாடி செய்யும்.

ஜான் மூர், ரோஜியர் சாண்டர்ஸ் போன்றவர்களின் குழுக்கள் இதைச் சரிசெய்ய வருஷக்கணக்கில் உழைத்தன. இரண்டு பகுதிகளுக்கு நடுவே ஒரு கந்தகப் பிணைப்பைப் போட்டுத் தைத்தார்கள். வளைந்து கொடுக்காத புரோலின் என்ற அமினோ அமிலத்தை ஓரிடத்தில் வைத்து, புரதம் வடிவம் மாறாமல் தடுத்தார்கள். கென்யாவில் ஒரு கைக்குழந்தையிடமிருந்து கிடைத்த வைரஸின் ஸ்பைக்கை இப்படி இறுக்கி, 2013ல் அதன் முப்பரிமாண அமைப்பை வெளியிட்டார்கள். இந்த வகைக்குப் பேர் சாசிப். புரோலின் வைத்து ஸ்பைக்கை நிறுத்துகிற இதே யுக்தியைப் பின்னால் ஃபைசர், மாடர்னா கொரோனா ஊசிகளிலும் பார்த்தோம்.

ஆனா ஸ்பைக்கை அழகா நிறுத்தினாலும், எல்லா ரகத்தையும் தடுக்கும் ஆன்டிபாடி வரலை. ஏன்?

கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறது

எச்.ஐ.வி. உள்ளவர்களில் சிலருக்கு, தொற்றி ஓரிரு வருஷம் கழித்து, பல ரகங்களைத் தடுக்கும் ஆன்டிபாடி உருவாகும். 2010ல் அமெரிக்க விஞ்ஞானிகள் வெளியிட்ட விஆர்சி01 அப்படி ஒன்று. லேபில் சோதித்த ரகங்களில் சுமார் 90 சதவீதத்தைத் தடுத்தது.

ஆன்டிபாடியைச் செய்வது பி செல். அது வைரஸோட மோதி மோதி, தலைமுறை தலைமுறையா தன் மரபணுவைத் திருத்திக்கொண்டுதான் இந்தத் திறமையை அடையுது. அந்தப் பரம்பரையின் முதல் செல், அதாவது பயிற்சி இல்லாத செல், நிஜ ஸ்பைக்கோட ஒட்டவே ஒட்டாது. நிஜ ஸ்பைக்கை முதல் ஊசியிலேயே காட்டுவது, எல்.கே.ஜி. பிள்ளையை நேரா பிளஸ் டூ பரீட்சையில் உட்கார வைக்கிற மாதிரி.

ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தின் வில்லியம் ஷீஃப் குழு இங்கேதான் கேள்வியையே மாற்றிப் போட்டது. 'வைரஸ் எப்படி இருக்கு'ன்னு ஆரம்பிக்காமல், 'அந்த முதல் பி செல்லுக்கு எது பிடிக்கும்'ன்னு ஆரம்பித்தார்கள். ஸ்பைக்கின் ஒரு துண்டை மட்டும் எடுத்து, கணினியிலும் லேபிலும் அமினோ அமிலங்களை மாற்றி மாற்றி, அந்தப் பயிற்சியில்லாத செல்லோட ஒட்டுகிற மாதிரி வடிவமைத்தார்கள். பேர் ஈஓடி-ஜிடி8. அதன் 60 பிரதிகளை, ஒரு பாக்டீரியா புரதத்தால் ஆன உருண்டை மேல் பதித்தார்கள். பார்க்க வைரஸ் மாதிரி இருக்கும். உள்ளே வைரஸ் கிடையாது. இதனால் எச்.ஐ.வி. தொற்றவே முடியாது.

இது எல்.கே.ஜி. புத்தகம். அடுத்தடுத்த ஊசிகளில் கொஞ்சம் கொஞ்சமா நிஜ ஸ்பைக்கைப் போன்ற புரதங்கள். கடைசியில்தான் பிளஸ் டூ.

மனிதர்களிடம் போட்டுப் பார்த்தபோது

அந்த முதல் செல்கள் நம்ம உடம்பில் சில லட்சத்தில் ஒன்றுதான். அதைத் தேடிப் பிடிக்க முடியுமா? அமெரிக்காவில் நடந்த முதல் சோதனையின் முடிவு 2022 டிசம்பரில் வந்தது. ஊசி போட்ட 36 பேரில் 35 பேருக்கு எதிர்பார்த்த பி செல்கள் பெருகியிருந்தன. மிச்சம் ஒருத்தர்? இந்த வகை ஆன்டிபாடிக்குத் தேவையான மரபணு வடிவம் அவரிடம் இல்லை. டிசைன் எவ்வளவு குறிபார்த்தது என்பதற்கு அந்த ஒருத்தரே சாட்சி.

2025ல் அடுத்த படி. எம்ஆர்என்ஏ முறையில் ஊசி போட்டார்கள். அமெரிக்காவில், முதல் ஊசியும் வேறொரு புரதத்தால் ஆன இரண்டாம் ஊசியும் பெற்ற 17 பேருக்கும் அந்தச் செல்கள் வந்தன. பெரும்பாலானவர்களிடம் அவை இன்னும் ஒரு படி தேர்ந்திருந்தன. ருவாண்டா, தென்னாப்பிரிக்காவில் நடந்த சோதனையிலும் முதல் படி வேலை செய்தது. அதே நேரம் அமெரிக்க சோதனையில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் தோலில் தடிப்பு, அரிப்பு மாதிரி தொந்தரவு வந்தது. அதைச் சரிபண்ணணும்.

இதை யாரும் 'தடுப்பூசி வந்தாச்சு'ன்னு ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க. இந்தப் பி செல்கள் இன்னும் வைரஸைத் தடுக்கும் அளவுக்கு வளரலை. பள்ளியில் சேர்த்தாச்சு, ஒன்றிரண்டு வகுப்பு பாஸ். அவ்வளவுதான். விஆர்சி01 மாதிரி ஒரே ஒரு வகை ஆன்டிபாடியும் போதாது. அதை நேரடியா உடம்பில் ஏற்றிப் பார்த்த சோதனையில், அதற்கு அடங்கும் ரகங்களைத்தான் அது தடுத்தது. மற்றவை தப்பிச்சுட்டன. அப்போ இரண்டு மூன்று வகைகளுக்குத் தனித்தனிப் பாடத்திட்டம் வேணும்.

மாத்திரையும் ஊசியும் இருக்கே?

இப்போ லெனகாபவிர்னு ஒரு மருந்து இருக்கு. ஆறு மாசத்துக்கு ஒரு ஊசி. 2024ல் வந்த முடிவுப்படி, ஆப்பிரிக்காவில் அதைப் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருத்தருக்குக்கூட எச்.ஐ.வி. வரலை. பெரிய விஷயம். ஆனா அது மருந்து. நிறுத்தினா பாதுகாப்பும் போயிடும். கிளினிக்குக்கு வந்துட்டே இருக்கணும், யாராவது பணம் கொடுத்துட்டே இருக்கணும். தடுப்பூசி சொல்லிக் கொடுத்த பாடம் உடம்பிலேயே தங்கும். வித்தியாசம் அங்கேதான்.

பணம் எவ்வளவு உறுதியில்லாததுன்னு 2025 மே மாசமே தெரிஞ்சது. ஸ்கிரிப்ஸிலும் ட்யூக் பல்கலைக்கழகத்திலும் இருந்த இரண்டு பெரிய எச்.ஐ.வி. தடுப்பூசிக் கூட்டமைப்புகளுக்கு நிதியைப் புதுப்பிக்கப் போவதில்லைன்னு அமெரிக்க அரசு சொல்லிடுச்சு. முதல் படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்ச அதே மாசம்.

என் பார்வையில், நாற்பது வருஷத்தில் இந்தத் துறை எங்கே தவறுதுன்னு மட்டுமில்லாமல், எந்தப் படியில் நிக்குதுன்னும் சொல்ல முடியுற நிலைக்கு இப்போதான் வந்திருக்கு. படிக்கிற பிள்ளையைப் பாதியில் பள்ளியிலிருந்து நிறுத்தாம இருக்கிறதுதான் இனி முக்கியம்.

கேள்வி இருந்தா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.