வேண்டாத புதுமையும் விரும்பிய பணிமேடையும்

இல்லத்தரசி ஒருத்தி காலையில் அடுக்களைக்குட் புகுகின்றாள். உப்புச் சாடி இருந்த இடத்தில் இல்லை; அகப்பை தொங்கிய ஆணியைக் காணோம்; அடுப்பே மறுசுவருக்கு மாறிவிட்டது. “எல்லாம் உன் நன்மைக்கே” என்று எவரேனும் கூறின் அவள் மகிழ்வாளா? கணினியைப் பயன்படுத்துவோர் பலருக்கு இத்தகைய அனுபவம் நேர்வதுண்டு. இயங்குதளத்தைப் புதுப்பித்து மீண்டும் திறக்கும்போது, பழகிய திரை மறைந்து, புதியதொரு திரை நம்மை அந்நியரைப் போல நோக்குகின்றது.

இங்கே ஓர் உண்மையை மாணவர்கள் அறிதல் வேண்டும். கணினியை உள்ளிருந்து இயக்கும் பகுதி வேறு. நம் கண்முன் தோன்றும் சாளரங்கள், பட்டியல்கள், பொத்தான்கள் ஆகியவற்றின் தொகுதி வேறு. பின்னையதை ‘டெஸ்க்ரொப்’ சூழல் என வழங்குவர். நாம் அதனைப் பணிமேடை என்போம். விண்டோஸில் இவ்விரண்டும் பிணைந்தே வருவன. லினக்ஸிலோ, அடித்தளத்தை அப்படியே வைத்துக்கொண்டு மேடையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இவ்வசதியின் அருமை 2011 ஆம் ஆண்டில் நன்கு விளங்கிற்று.

அவ்வாண்டு ஏப்ரலில் கினோம் என்னும் பணிமேடையின் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. 2002 முதல் வழங்கிவந்த இரண்டாம் பதிப்பின் கீழ்ப்பட்டியும், சாளரத்தைச் சுருக்கும் பொத்தானும் அதில் நீக்கப்பட்டிருந்தன. அதே மாதம் 28 ஆந் திகதி வெளியான உபுண்டு 11.04, யுனிற்றி என்னும் வேறொரு மேடையை முன்வைத்தது. பழைய கினோமையும் தெரிவுசெய்ய அதில் இடமிருந்தது. ஒக்ரோபரில் வந்த 11.10 இல் அந்தப் பழைய கினோமும் நீங்கிற்று. ஆக்கியோர் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. அகன்ற திரைகளும் தொடுதிரைகளும் பெருகிய காலம் அது; பழைய நிரல்களைப் பேணுவதும் எளிதன்று. ஆயினும் அன்றாடம் வேலை செய்வோனின் கைப்பழக்கம் ஒருநாளில் மாறுமோ?

லினக்ஸின் கருவை ஆக்கிய லைனஸ் தோர்வாள்ட்ஸே அம்மாற்றத்தைப் பகிரங்கமாகக் கண்டித்து, எக்ஸ்.எஃப்.சி.ஈ. என்னும் எளிய மேடைக்கு மாறினார். ஒலிவியே பூர்டன் என்பார் 1996 இல் தொடங்கியது அது. அர்ஜென்ரீன நாட்டவர் ஒருவர் கினோம் இரண்டின் நிரலைக் கையிலெடுத்து, ‘மாத்தே’ என்ற பெயரில் அதற்கு மறுவாழ்வு அளித்தார். தென்னமெரிக்கர் தேநீர்போல ஊறவைத்துப் பருகும் ஓர் இலையின் பெயர் அது. லினக்ஸ் மின்ற் குழுவினரோ, கினோம் மூன்றின் நிரலையே கிளையாகப் பிரித்து, பழைய தோற்றம் பொருந்த ‘சினமன்’ என்னும் மேடையைச் சமைத்தனர். சினமன் என்பது நம் நாட்டுக் கறுவா அன்றோ!

கதை அத்துடன் முடியவில்லை. தோர்வாள்ட்ஸ் பின்னர் கினோமுக்கே திரும்பினார். உபுண்டுவும் யுனிற்றியைக் கைவிட்டு, 2017 ஒக்ரோபரில் வந்த 17.10 பதிப்பில் கினோமை மீண்டும் ஏற்றது. ஆகவே, புதியது என்பதற்காகவே ஒன்றைத் தள்ளுவதும் பொருந்தாது.

இவையெல்லாம் நமக்கு ஏன் என வாசகர் வினவலாம். விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 ஆந் திகதியுடன் முடிவுற்றது. விண்டோஸ் 11 ஓ, ரீ.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லை வேண்டி நிற்கின்றது. அஃதில்லாத பழைய கணினிகள், நல்ல நிலையில் இருந்தும் கழிக்கப்படும் நிலையை அடைகின்றன. பிள்ளைகளின் படிப்புக்கெனச் சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு கணினி வாங்கிய குடும்பத்துக்கு இது சிறு விடயமன்று. அத்தகையோர் லினக்ஸை நாடுவாராயின், எந்த மேடையைத் தெரிவது என்ற வினா எழும்.

நாம் கூறத்தக்கன சில. முதலாவதாக, கோப்புகள் அனைத்தையும் வேறோரிடத்திற் பிரதிசெய்து வைத்தல் வேண்டும். அடுத்து, யூ.எஸ்.பி. குச்சியிலிருந்தே லினக்ஸை இயக்கிப் பார்க்கலாம். வன்தட்டில் எதுவும் மாறாது. நினைவகம் 4 கிகாபைற் அளவேயுள்ள கணினிக்கு எக்ஸ்.எஃப்.சி.ஈ. அல்லது மாத்தே ஏற்றது. 8 கிகாபைற் உளதாயின் சினமன், கினோம், கே.டீ.ஈ. ஆகிய எதுவும் தடையின்றி இயங்கும். விண்டோஸிற் பழகியவர்க்குச் சினமனும் கே.டீ.ஈ.யும் விரைவிற் கைவரும். தமிழில் எழுதிப் பார்ப்பதும் இன்றியமையாதது. இலங்கைத் தரமான ரெங்கநாதன் விசைப்பலகையையும் தமிழ்99 ஐயும் லினக்ஸிற் சேர்த்துக்கொள்ள வழியுண்டு. அச்சுப்பொறி இயங்குகின்றதா எனவும் நோக்குக. உபுண்டுவைத் தெரிவோர் நீண்டகால ஆதரவுப் பதிப்பையே கொள்வது நன்று. ஈராண்டுக்கு ஒருமுறை வரும் அப்பதிப்பு ஐந்தாண்டுகள் பேணப்படுவதால், வேண்டாத மாற்றம் அடிக்கடி வந்து கதவைத் தட்டாது.

தெரிவு செய்த மேடையை ஒரு வாரமேனும் கையாண்ட பின்னரே தீர்ப்புக் கூறுக. வீட்டில் அதனைப் பயன்படுத்துவோர் அனைவரையும் கேட்டு முடிவு செய்க; இளைஞனுக்கு எழிலாகத் தோன்றுவது பாட்டனாரின் கண்ணுக்குப் புலப்படாமற் போகலாம்.

இறுதியாக மாணவர்க்கு ஒன்று. 2011 இல் முறையிட்டோர் பலர். எனினும் பழைய மேடை பிழைத்தது முறையீட்டால் அன்று. சிலர் நிரலைக் கற்று, அதனைப் பேணும் பாரத்தைத் தம் தோளில் ஏற்றமையாலேயே. கருவியின் உள்ளமைப்பை அறிந்தவனுக்கே அதனைத் தன் விருப்பப்படி அமைக்கும் உரிமை முழுமையாகக் கைகூடுகின்றது. அவ்வறிவை இன்றே தேடத் தொடங்குவீர்களாக.