வேடமும் இருப்பும்: தமிழ் நிகழ்த்துகலையில் திருநங்கையர்

கொள்ளிடத்துக்கு வடக்கே குமராட்சி, சிதம்பரம், கடலூர் என விரியும் பழைய தென்னார்க்காட்டு நிலப்பகுதி, திரௌபதியம்மன் வழிபாடும் பாரதக் கூத்தும் வேரூன்றிய பகுதியாகும். இரவு முழுதும் நிகழும் அக்கூத்தில் திரௌபதியாக ஆடுபவர் மரபுப்படி ஆண். விரித்த கூந்தலுடன் அவர் சபதம் உரைக்கையில் ஊர்ப்பெண்கள் கைகூப்பி நிற்பர். பொழுது விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டு அவர் ஆணாகவே வீடு திரும்புவார். அவருடைய பெண்மை களரிக்கு உட்பட்டது என்ற உறுதியே ஊரார் அதனைத் தயக்கமின்றி ஏற்பதற்கு அடிப்படை. அரிதாரம் கலைந்த பின்னும் பெண்ணாகவே வாழும் ஒருவர் அதே களரியில் ஏற விரும்பினால் என்னவாகும் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. பால்மாற்று வேடத்துக்குத் தமிழ் அரங்கில் என்றும் இடமிருந்தது என்பதைச் சான்றுகளுடன் நிறுவுவது எளிது. அந்த இடம் திருநங்கையருக்கும் கிடைத்ததா என்பது அதிலிருந்து வேறான கேள்வி. ஆய்வுகளில் இவ்விரண்டும் பலகாலும் ஒன்றாகக் கருதப்பட்டுவிடுகின்றன.

பேடு என்னும் ஆடல்

இலக்கணத்திலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். தொல்காப்பியக் கிளவியாக்கம், ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர்களை உயர்திணையில் அடக்குகிறது. அப்பெயர்களுக்கெனத் தனியே பால்காட்டும் ஈறு இல்லை என்றும், உயர்திணைப் பால்களுக்குரிய ஈறுகளையே அவை ஏற்கும் என்றும் கூறுகிறது. தெய்வப் பெயர்களுக்கும் அதே நூற்பாவிலேயே அதே விதி வகுக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. இதனை மதிப்பின் அடையாளமாகக் கொள்ளத் தோன்றும்; ஆயினும் நூற்பா பேசுவது சொல்முடிபை மட்டுமே. தனி ஈறு இல்லாமையே இவ்விரு வகைப் பெயர்களையும் ஒன்றுசேர்த்தது. அதற்கு மேல் அதன்மீது பொருள் ஏற்றுதல் தகாது.

சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி ஆடும் பதினோராடல்களுள் பேடு என்பதும் ஒன்று. வாணனின் நகரில் சிறைப்பட்ட அநிருத்தனை மீட்பதற்குக் காமன் பேடி உருவம் கொண்டு ஆடிய ஆடல் அது. இங்கு அமைந்துள்ள அடுக்குகள் நோக்கத்தக்கன: ஆண் தெய்வம் பேடியாகிறது, அந்தத் தெய்வமாக ஒரு பெண் ஆடுகிறாள். மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையோ அவ்வாடலைப் புகார் நகர வீதிக்குக் கொண்டுவருகிறது. சுருண்ட தாடியும் மகளிர்க்குரிய அணிகளும் கொங்கையும் ஓருடலில் கலந்து நிற்கும் ஆடுநரை ஊரார் கூடி நின்று பார்க்கின்றனர். பண்டைத் தமிழகத்தில் திருநங்கையர் கலைஞராக விளங்கினர் என்பதற்கு இப்பகுதியைச் சான்று காட்டுவது இன்று வழக்கமாகிவிட்டது. ஆனால் காப்பியம் அங்குச் சுட்டுவது காமன் வாணன் நகரில் ஆடிய அதே ஆடற்கோலத்தையே. வீதியில் நின்றவர் பேடியா, பேடிவேடம் புனைந்தவரா என்பது பாடலிலிருந்து பெறப்படவில்லை. இரு பாலின் அடையாளங்களும் ஒருங்கே அமைந்த உடலைக் கூச்சமின்றிக் கண்டுகளித்த ஒரு கூட்டம் இருந்தது என்ற அளவே உறுதியாகக் கொள்ளத்தக்கது.

தில்லைக் கூத்தனின் ஒரு காதில் குழையும் மறு காதில் தோடும் இருப்பதைச் சுட்டி, சமூகமும் அவ்வாறே இருந்தது என நிறுவ முயல்வோருக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். படிமம் வேறு, வாழ்வு வேறு.

பக்தி மரபின் நாயகி பாவம் இதனினும் நுட்பமானது. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகப் பாடிய பாசுரங்களைத் தேடித் தொகுத்து, இசையமைத்து ஓதும் முறையை வகுத்தவராகப் போற்றப்படும் நாதமுனிகள், குமராட்சிக்கு அண்மையில் உள்ள வீரநாராயணபுரமாகிய காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்தவர். ஆண்குரலில் பெண்ணின் பிரிவாற்றாமை ஒலிப்பது இந்நிலத்துக்குப் புதிதன்று. ஆயின் அதுவும் குரலின் அளவில் நிற்கும் மாற்றமே; பாடுபவரின் சமூக இருப்பை அது தொடுவதில்லை.

கூத்தாண்டவர் களம்

வேடமும் வாழ்வும் ஒன்றையொன்று தொடும் இடம் கூத்தாண்டவர் விழா. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள கூவாகம் பெரிதும் அறியப்பட்டது. கடலூர் மாவட்டத்திலும் கொத்தட்டை, தேவனாம்பட்டினம் முதலிய ஊர்களில் கூத்தாண்டவர் வழிபாடு உண்டு. அரவான் களப்பலி பெருந்தேவனார் பாரதத்திலும் வில்லிபாரதத்திலும் இடம்பெறுகிறது. ஆனால் பலிக்கு முன் கண்ணன் மோகினியாகி அவனை மணந்தான் என்ற செய்தி அவற்றில் இல்லை. அது நாட்டார் மரபு தந்தது. எழுத்துக் காப்பியம் விட்ட இடத்தை வாய்மொழி மரபு நிரப்பியதால்தான் திருநங்கையர் பாரதக் கதைக்குள் நுழைய ஒரு வாயில் கிடைத்தது.

கூத்தில் மோகினியாக வருபவர் வேடதாரி. விழாவில் சித்திரை முழுநிலவையொட்டித் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கையர் எவ்வேடமும் புனைவதில்லை. மறுநாள் தேரோட்டத்தின்பின் அழுகளத்தில் தாலி அறுத்து, வளை உடைத்து, வெள்ளைச் சேலை உடுத்தி ஒப்பாரி வைக்கின்றனர். பார்ப்பவர் என்றும் நிகழ்த்துபவர் என்றும் அங்கே பிரிக்க இயலாது. நேர்த்திக்கடனாகத் தாலி கட்டிக்கொள்ளும் ஊர் ஆண்களும் உள்ளனர் என்பதை ஆல்ஃப் ஹில்டபீட்டல் முதலிய ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். ஒரே சடங்கு, ஆண்களுக்கு அது ஒருநாள் வேண்டுதல், திருநங்கையருக்கோ ஆண்டு முழுதும் மறுக்கப்படும் மனைவி என்னும் நிலை ஓரிரவு கைகூடுவது. அழுகளத்து ஓலத்தில் அரவானுக்காக அழுவது எவ்வளவு, தத்தம் வாழ்வை எண்ணி அழுவது எவ்வளவு எனப் பிரித்தறிய எந்தக் கோட்பாடும் உதவாது. விழாக்காலத்தில் விழுப்புரத்தில் நடைபெறும் அழகிப் போட்டி மேடையின் மீதே ஊடகங்களின் கண் படிந்திருப்பதால், இவ்வொப்பாரி உரிய கவனம் பெறவில்லை.

வேடம் கலையாத உடல்

சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாலர் நாடகக் குழுக்களில் சிறுவர்கள் ஸ்திரிபார்ட் ஏற்றனர். டி.கே.சண்முகத்துக்கு ‘அவ்வை’ என்ற அடைமொழி அவர் ஏற்ற வேடத்தால் வந்தது. 1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ திரைப்படத்தில் தில்லையைக் காண ஏங்கும் நந்தனாராக நடித்தவர் கே.பி.சுந்தராம்பாள். இவை யாவும் பாராட்டுப் பெற்றன. நடித்தவரின் பால் குறித்து எவருக்கும் ஐயம் எழாததே காரணம்.

மேலைநாட்டு இசைநாடகமான ஓபராவிலும் இத்தகைய முரண் உண்டு. விதையடிக்கப்பட்ட ஆண்பாடகர்களின் உச்சக்குரலுக்கு வீரநாயக வேடங்களை அளித்த அரங்கு அது. பெண்பாடகர்கள் ஆண்வேடம் ஏற்பதும் அங்கு இயல்பு. எனினும் திருநங்கை ஒருத்தியின் வாழ்வையே கதையாகக் கொண்ட லாரா காமின்ஸ்கியின் ‘ஆஸ் ஒன்’ 2014இல்தான் மேடையேறியது. அதில் ஒரே பாத்திரத்தை ஆண்குரல் ஒன்றும் பெண்குரல் ஒன்றும் பகிர்ந்து பாடுகின்றன. 2019இல் துல்சா நகர ஓபராவில் லூசியா லூகாஸ் என்னும் திருநங்கை, தம் ஆழ்ந்த ஆண்குரலுடனேயே டான் ஜொவானியாகப் பாடினார். குரலை மாற்றிக்கொண்டால்தான் பெண் என்ற நிபந்தனையை அவர் ஏற்கவில்லை.

தமிழகத்தில் இதற்கு இணையாகச் சுட்டத்தக்கவர் நர்த்தகி நடராஜ். மதுரையில் பிறந்து, தஞ்சை நால்வர் மரபில் வந்த கே.பி.கிட்டப்பா பிள்ளையிடம் பயின்ற அவர், 2011ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதெமி விருதையும் 2019இல் பத்மஸ்ரீ விருதையும் பெற்றார். பத்மஸ்ரீ பெற்ற முதல் திருநங்கை அவரே. நாயகி பாவம் அவருடைய தனித்துறை. ஆண் ஆடினால் ‘பெண்ணாகவே மாறிவிட்டார்’ என வியக்கப்படும் அதே பாவத்தை அவர் ஆடும்போது, மாற்றம் என்பதற்கே அங்கு இடமில்லை. விருதுகள் ஒருவரை உயர்த்தியதைக் கொண்டு அரங்கு அனைவருக்கும் திறந்துவிட்டது எனக் கொள்வதற்கில்லை. நீண்டகாலக் குருகுலப் பயிற்சி என்பது வீட்டைவிட்டு வெளியேற்றப்படும் பெரும்பாலான திருநங்கையருக்கு எட்டாத ஒன்று.

அவர்களுக்கு எட்டியது நவீன நாடகமே. அ.மங்கையின் நெறியாள்கையில் கண்ணாடிக் கலைக்குழுவின் திருநங்கையர் தம் அனுபவங்களை மேடையேற்றினர். லிவிங் ஸ்மைல் வித்யா ‘நான் வித்யா’ என்னும் தன்வரலாற்றின் ஆசிரியர். பன்மை நாடகக்குழுவைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். அ.ரேவதி தம் வாழ்வைத் தாமே நிகழ்த்தும் ‘வெள்ளை மொழி’யில் எழுத்தாளர், பாத்திரம், நடிகர் மூவரும் ஒருவரே. வேடம் புனைதலையே நடிப்பின் முதல் நிலையாகக் கொள்ளும் அரங்கியல் வரையறையைக் கொண்டு இந்நாடகத்தை விளக்க முடியாது. அழுகளத்து ஒப்பாரியுடன் ஒப்பிட்டே இதனை ஆராய வேண்டியுள்ளது. இரண்டிலும் நிகழ்த்துபவர் தம் வாழ்வையே பனுவலாக்குகிறார். மேடை நாடகத்துக்கு எழுத்துப் பனுவல் உண்டு. ஒப்பாரியின் பாடவேறுபாடுகளையோ, கூவாகத்திலும் கொத்தட்டையிலும் அது கொள்ளும் வடிவங்களையோ ஆராய, அவ்விடங்களுக்கே சென்று, பாடுவோரின் இசைவுடன் அவர்தம் சொற்களைப் பதிவு செய்தாக வேண்டும்.