திறந்த கிணறும் தல்மூதும்



2019 அக்டோபரில் மணப்பாறை அருகே, மூடப்படாத ஆழ்துளைக் கிணற்றில் ஒரு குழந்தை விழுந்தபோது தமிழகமே கண்விழித்துச் செபித்தது. நாமும் செபித்தோம். குழந்தையை உயிரோடு மீட்க முடியவில்லை. குழியை மூடாமல் விட்டது யார் என்ற கேள்வி மட்டும் எல்லார் வாயிலும் இருந்தது.

அந்தக் கேள்வி திருவிவிலியத்தில் உண்டு. குழி தோண்டி மூடாமல் விட்டவர், அதில் விழுந்து இறக்கும் மாட்டுக்கோ கழுதைக்கோ ஈடு கொடுக்கவேண்டும் என்கிறது விடுதலைப் பயண நூலின் 21ஆம் அதிகாரம். சட்டம் இரண்டு வசனங்களில் முடிந்துவிடுகிறது. வாழ்க்கைச் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கிணறு இருவருக்குப் பொதுவானால் யார் பொறுப்பு? சரியாக மூடியிருந்தும் மாடு விழுந்தால்?

இப்படிப்பட்ட கேள்விகளுக்கு யூத ரபிகள் தந்த விளக்கங்கள் நெடுங்காலம் வாய்மொழியாகவே வழங்கிவந்தன. கி.பி. 70இல் எருசலேம் கோவில் அழிந்தபின், பலி செலுத்த இடமில்லாத மக்களுக்கு இறைச்சட்டத்தைக் கற்பதே வழிபாடாயிற்று. கி.பி. 200 அளவில் ரபி யூதா அந்த விளக்கங்களைத் தொகுத்தார். அதன் பெயர் மிஷ்னா. அதைப்பற்றிப் பின்வந்தோர் நடத்திய விவாதம் கெமாரா. இரண்டும் சேர்ந்ததே தல்மூத். 'கற்றல்' என்பது அச்சொல்லின் பொருள். பாலஸ்தீனத்தில் ஒன்றும் பாபிலோனில் ஒன்றுமாக இரண்டு தல்மூதுகள் உருவாயின. பாபிலோன் தல்மூதையே யூதர் இன்று மிகுதியாகப் பயில்கின்றனர்.

பொதுக் கிணற்றுக்கு மிஷ்னா தரும் தீர்ப்பு இது: கிணறு திறந்து கிடப்பதைக் கடைசியாகக் கண்டும் மூடாமல் போன பங்காளியே பொறுப்பு. சரியாக மூடியவர்மீது குற்றமில்லை.

தல்மூதில் தோற்ற கருத்துக்கும் இடமுண்டு. பெரும்பான்மையினர் சொன்னதே சட்டமாகும். ஆயினும் மறுத்தவர் சொன்னதும் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கும். மணவிலக்குக்கு எது தக்க காரணம் என்று கில்லேல், சம்மாய் என்னும் இரு ஆசிரியர்களின் வழிவந்தோர் வாதிட்டதை அதில் காண்கிறோம். மத்தேயு 19இல் பரிசேயர் ஆண்டவரிடம் கேட்பதும் அதே கேள்விதான். உயிரைக் காக்க ஓய்வுநாள் சட்டத்தை விலக்கிவைக்கலாம் என்றும் ரபிகள் கற்பித்தனர். வெளிவேடக்காரரைத் திட்ட 'பரிசேயன்' என்கிறோமே, அந்தப் பரிசேயரின் மரபில் வந்தவர்களே இந்த ரபிகள்.

யூதர் இன்றும் இருவர் இருவராக அமர்ந்து, உரக்க வாசித்து, வாதாடித் தல்மூதைக் கற்கின்றனர். 1923இல் தொடங்கிய வழக்கப்படி, நாளுக்கு ஓர் ஏடு வீதம் 2,711 ஏடுகளை ஏறத்தாழ ஏழரை ஆண்டில் முடித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குவோர் உலகெங்கும் உண்டு.

இந்த நூலுக்கு நம்மவர் செய்ததையும் மறைக்கக் கூடாது. 1242இல் பாரிசிலும் 1553இல் உரோமையிலும், திருஅவை அதிகாரிகளின் முயற்சியால் தல்மூத் பிரதிகள் பொதுவிடத்தில் எரிக்கப்பட்டன. நமக்கு அருகே கொச்சி மட்டாஞ்சேரியில், 1568இல் கட்டப்பட்ட தொழுகைக்கூடத்தை 1662இல் போர்ச்சுக்கீசியர் சேதப்படுத்தினர். இன்று சுற்றுலா செல்லும் நாம் அங்குள்ள நீலத் தரையோடுகளை வியந்துவிட்டுத் திரும்புகிறோம். அங்கே செபித்த குடும்பங்களில் பெரும்பாலானவை இஸ்ரயேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டன.

1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம், யூதர்மீதான பகைமையைக் கண்டித்து, அவர்களோடு நமக்குள்ள உறவை ஏற்று அறிக்கையிட்டது. இயேசுவும் அன்னை மரியாவும் திருத்தூதர்களும் அந்த மக்களே. தல்மூத் நமக்குத் திருநூல் அன்று. ஆனால் இறைவார்த்தையை வயல் வரப்புவரை கொண்டுவரும் அக்கறையை அதனிடம் நாம் கற்கலாம்.

கிணறுகள் நிறைந்த மாவட்டம் நம்முடையது. இந்த வாரம் வயலிலோ தெருவோரத்திலோ திறந்து கிடக்கும் குழியைக் கண்டால், தோண்டியவர் யார் என்று கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். கடைசியாகக் கண்டவர் நாமே. மூடிவிட்டுப் போவோம்.

இறைவன் நம்மை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.