கல்விக் கடன்: வட்டி மானியத் தகுதியை இறுதிவரை காப்போம்

கல்விக் கடனுக்கான ஒப்பளிப்புக் கடிதம் கைக்கு வந்ததும், கட்டணக் கவலை தீர்ந்ததெனப் பெற்றோர் நிம்மதி கொள்கின்றனர். அந்நிம்மதி நியாயமானதே. ஆயினும், கடனுக்கு அரசு வழங்கும் வட்டி மானியம் ஒருமுறை கிடைத்துவிட்டால் தானே நிலைத்துவிடும் ஒன்றன்று. படிப்பு நிறைவுறும் வரை அதற்குரிய தகுதியை மாணவர் காத்துவர வேண்டும். அதனை இங்கு விளக்க விரும்புகிறோம்.

2009-10ஆம் கல்வியாண்டில் மத்திய அரசு இவ்வட்டி மானியத் திட்டத்தைத் தொடங்கியது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்கு மிகாத குடும்பத்து மாணவர்கள், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் இந்தியாவில் தொழிற்கல்வியோ தொழில்நுட்பக் கல்வியோ பயில வாங்கும் கடனுக்கு இது பொருந்தும். கல்வி நிறுவனமும் பாடப்பிரிவும் திட்ட விதிகளின்படி அங்கீகாரம் பெற்றிருத்தல் வேண்டும். படிப்புக் காலமும் அதன் பின்னர் ஓராண்டும் சேர்ந்தது தவணை விடுப்புக் காலம். அக்காலத்து வட்டியை அரசே ஏற்கிறது.

இதன் மதிப்பை ஒரு கணக்கால் உணரலாம். நான்காண்டுப் படிப்புக்கு ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் ஒரு லட்சம் ரூபாய் வழங்கப்படுவதாகவும், தனிவட்டி 10 விழுக்காடு எனவும் கொள்வோம். ஐந்தாண்டு முடிவில் முதல் லட்சத்துக்கு 50,000, இரண்டாவதற்கு 40,000, மூன்றாவதற்கு 30,000, நான்காவதற்கு 20,000 ரூபாய் வட்டி சேரும். மொத்தம் 1,40,000 ரூபாய். மானியம் இருந்தால் தவணை தொடங்கும் நாளில் மாணவர் மீதுள்ள கடன் 4 லட்சம். இல்லையேல் 5 லட்சத்து 40 ஆயிரம்.

இத்தகுதியைப் பெரும்பாலும் பறிப்பது, படிப்பை இடையில் நிறுத்துவதே. பாதியில் விலகுவோருக்கும், ஒழுங்கு நடவடிக்கையாலோ கல்விக் குறைபாட்டாலோ நீக்கப்படுவோருக்கும் மானியம் இல்லை. மருத்துவக் காரணத்தால் விலக நேர்ந்தால் மட்டும், கல்வி நிறுவனம் ஏற்கும் உரிய சான்றுகளின் பேரில் விலக்கு உண்டு. அரியர் விழுவது வேறு, படிப்பைக் கைவிடுவது வேறு. ஆனால் இரண்டு பாடங்களில் தோற்றதும் மனம் தளர்ந்து, கிடைத்த வேலையில் சேர்ந்து, கல்லூரிக்கும் வங்கிக்கும் சொல்லாமலேயே விலகிவிடும் மாணவர் உளர். வேலையில் கிடைக்கும் சில மாத ஊதியத்தினும் அவர்கள் இழக்கும் மானியம் பெரிதாக இருக்கக்கூடும். விலகும் எண்ணம் தோன்றும்போதே கல்லூரி முதல்வரையும் கிளை மேலாளரையும் சந்திப்பது நன்று. படிப்பு உரிய காலத்தில் முடியாது எனத் தெரிந்தாலும், காரணத்தை எழுத்து மூலம் கிளைக்கு முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும்.

அடுத்தது ஆவணங்கள். மாநில அரசு இதற்கென நியமித்துள்ள அதிகாரி வழங்கும் வருமானச் சான்றிதழ் தேவை. சம்பளச் சீட்டு மட்டும் போதாது. ஒவ்வொரு பருவத்தின் மதிப்பெண் பட்டியலையும் கட்டண ரசீதையும் தாமதமின்றிக் கிளையில் அளித்தால், அடுத்த தவணைத் தொகை தடையின்றி வெளிவரும். கல்லூரியோ பாடப்பிரிவோ மாறுவதாயின், மாறுவதற்கு முன்னரே தகுதி தொடருமா எனக் கேட்டறிதல் வேண்டும்.

மானியத் தொகையை வங்கி கோரிப் பெற்ற பின்னரே மாணவர் கணக்கில் வரவு வைக்க இயலும். அதுவரை கணக்கில் வட்டி பற்றாகத் தோன்றலாம். அதை மட்டும் கண்டு மானியம் மறுக்கப்பட்டதென முடிவு செய்ய வேண்டியதில்லை. எனினும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கணக்கு அறிக்கையைப் பெற்று, வரவு வந்துள்ளதா எனச் சரிபார்த்தல் வேண்டும். படிக்கும் காலத்தில் கேட்டுத் திருத்துவது எளிது. தவணை தொடங்கிய பின்னர் அது கடினம்.

இன்னும் இரு செய்திகள். முதலாவது, இம்மானியம் ஒருவருக்கு ஒருமுறை மட்டுமே: இளநிலை, முதுநிலை, ஒருங்கிணைந்த படிப்பு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றுக்கு. இரண்டாவது, 2024 நவம்பர் 6 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டம். இதன்படி, ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பத்து மாணவருக்கு, தேர்ந்தெடுக்கப்பட்ட உயர்கல்வி நிறுவனங்களில் பயிலப் பெறும் 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு 3 விழுக்காடு வட்டிச் சலுகை உண்டு. வேறு அரசு உதவித்தொகையோ வட்டிச் சலுகையோ பெறுவோர் இதனைப் பெற இயலாது. ஆகவே விண்ணப்பிக்கும் முன்னர், ஏற்கெனவே பெற்றுவரும் உதவிகள் அனைத்தையும் கிளையில் மறைக்காமல் கூறுங்கள்.

கடன் பெற்ற மாணவர் ஆண்டுக்கு ஒருமுறை மதிப்பெண் பட்டியலுடன் கிளைக்கு வந்து செல்வதை வழக்கமாக்கிக்கொள்ளட்டும். அரை மணி நேரம் செலவாகும் அச்சந்திப்பு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தொகையைக் காக்கக்கூடும்.