கோதடிக்குள் 20 ஆயிரம் தையல்!

மும்பையில் ஒரு மழைக்காலம் கழித்த தமிழருக்குக் "கோதடி" என்றால் விளக்கம் வேண்டாம். பக்கத்து வீட்டு மராட்டியக் குடும்பத்தின் கொடியில் கனமாகத் தொங்குமே, பல நிறத் துண்டு வைத்துத் தைத்த போர்வை, அதேதான். தரையில் விரித்தால் படுக்கை. குளிர் அடித்தால் போர்வை. பிறந்த குழந்தைக்குச் சின்னதாகத் தைத்தால் அதற்குப் பெயர் "துப்டே".

"கந்தல் துணிதானே, இதற்கு இவ்வளவு கூலியா?"

தைத்துக் கொடுக்கும் பெண்களிடம் நம்மவர்கள் பேரம் பேசுவது இப்படித்தான். பேரத்துக்கு முன் ஒரு கணக்குப் பார்த்துவிடலாம்.

கோதடி 6 அடி நீளம், 4 அடி அகலம். அரை அங்குலத்துக்கு ஒரு வரிசை என்றால் 96 வரிசை. வரிசைக்கு 6 அடி வீதம் மொத்தம் 576 அடி. புறநகர் மின்சார ரயிலில் எட்டுப் பெட்டியைத் தாண்டும் நீளம் இது! அங்குலத்துக்கு மூன்றே தையல் என்று குறைத்து வைத்தாலும் 20,736 தையல் வருகிறது. தையலுக்கு 3 விநாடி என்றால் 17 மணி நேரத்துக்கு மேல். எட்டு மணி ஷிப்டு இரண்டு முழுதாகப் போய் மூன்றாவதும் தொடங்கிவிடும். துணி அடுக்குவது, நூல் கோப்பது, இடுப்பை நிமிர்த்துவது எல்லாம் இதில் சேரவில்லை.

"ஒரு உருப்படிக்கு இவ்வளவு" என்று கூலி பேசுவதால்தான் இந்த நேரம் யார் கண்ணிலும் படுவதில்லை.

பழசுதான் உசத்தி

கோதடிக்குப் புதுத் துணி ஆகாது. பல வருடம் கட்டித் துவைத்த பருத்திப் புடவைதான் வேண்டும். கஞ்சி போய், நூல் இளகி, ஊசி தடையில்லாமல் இறங்கும். மராட்டியப் பாட்டிமார் கட்டும் ஒன்பது கஜப் புடவை கிடைத்தால் மேலுக்கும் கீழுக்கும் அதுவே போதும். இடையில் கிழிந்த வேட்டி, சட்டை, பாவாடை எல்லாம் போகும். நடுவே ஒரு புதுத் துண்டு புகுந்தால், முதல் துவைப்பில் அது மட்டும் சுருங்கிக் கோதடியையே இழுத்துக் கோணலாக்கிவிடும்.

தையல் என்னவோ எளியதுதான். மேலே ஒரு குத்து, கீழே ஒரு குத்து என்று ஓடும் ஓட்டுத் தையல். துணிகளைத் தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, மூலைக்கு ஒரு செம்பை வைத்து, முதலில் நீளத் தையலாகப் போட்டு அடுக்கைப் பிடித்து நிறுத்துவார்கள். பிறகு பலர் ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். முடிச்சு வெளியே தெரியாது. இரண்டு துணிக்கு நடுவே மறைந்துவிடும்.

கற்றுக்கொள்பவர் செய்யும் முதல் தவறு நூலை இறுக்கி இழுப்பது. துணி சுருங்கி அப்பளம் போல் நெளியும். இரண்டாவது, அடிக்கடி கோக்கச் சோம்பி நீள நூலாக எடுப்பது. அது சிக்கும். ஒரு கை நீளம் போதும். விரல் நுனிக்கு உலோக உறை மாட்டாமல் ஐந்தாறு மடிப்பைக் குத்தினால் விரல் புண்ணாகும். முதலில் துப்டே ஒன்றைத் தைத்துக் கை பழகிய பிறகு பெரியதற்குப் போவதே நல்லது. தையல் மிஷினில் ஒரு மணி நேரத்தில் முடியுமே என்பார்கள். முடியும். ஆனால் கைத்தையலின் நெகிழ்வு அதில் வராது, விறைப்பாக நிற்கும்.

இது மராட்டியருக்கு மட்டும் உரியதல்ல. வங்காளத்தில் "காந்தா", பீகாரில் "சுஜனி", வட கன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்களிடம் "கவந்தி". நம் "கந்தை"யும் வங்காளத்துக் "காந்தா"வும் ஒரே வடசொல்லில் பிறந்தவை என்பார்கள்.

புடவை எங்கே?

கூலியைவிடப் பெரிய கவலை ஒன்று வந்திருக்கிறது. பாலியஸ்டர் புடவை! வீட்டுப் பீரோவில் பழசு என்று எடுத்தால் அதுதான் வருகிறது. வியர்வையை உறிஞ்சாது, அடுக்கில் நிற்காமல் வழுக்கும். அதனால் பெண்கள் எடைக்கு விற்கும் "சிந்தி" துணிக் கடைகளுக்குப் போகிறார்கள். தையல் பட்டறைகளில் மிஞ்சும் வெட்டுத் துண்டுதான் சிந்தி. புதுத் துணி என்பதால் இரண்டு மூன்று முறை அலசிக் காயவைத்த பிறகே அதில் ஊசி வைக்கிறார்கள்.

கடைக்காரர் எல்லாவற்றையும் "காட்டன்" என்றுதான் சொல்வார். விவரம் தெரிந்தவர்கள் வாய்ப்பேச்சை நம்புவதில்லை. ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுகிறார்கள். சாம்பலாய் உதிர்ந்தால் எடை போடச் சொல்கிறார்கள். உருகி உருண்டு கட்டியானால் மூட்டையிலேயே திரும்பப் போட்டுவிட்டு அடுத்த கடைக்கு நடக்கிறார்கள்.